டொனேசனாக வந்த மிசின்

எங்கள் ஊரில் டொனேசன் என்றால் ஒரே அர்த்தம்தான்: சீதனத்துக்கு மேலதிகமாக, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரின் கையில் கொடுக்கும் காசு. எழுபதுகளில் ஒருநாள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஜீப்பில் எங்கள் புளியங்கூடலுக்கு வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், “இந்த இறைப்பு மிசின் ஐயாவின்ரை நாட்டு டொனேசன்” என்றதும் பெண்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாப்பிள்ளை யார் என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதுக்குள் கேட்டார்.

சிரித்ததோடு நின்றிருக்கலாம். மிசின் என் கிணற்றுக்கு வந்த மிதப்பில், அதுவரை தண்ணீர் இறைத்த துலாவைக் கழற்றி மாட்டுக்கொட்டில் கூரைக்கு வளையாகப் போட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கணவர் தெற்கே கடையில் இருந்தார். புகையிலைத் தோட்டம் முழுக்க என் பொறுப்பு.

அடுத்த பயிர் முழங்கால் உயரத்தில் நிற்கும்போது மிசின் நின்றுபோனது. உள்ளே ஒரு சின்ன இறப்பர் வாசர் தேய்ந்துவிட்டதாம். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் அது இல்லை. அந்த நாட்டுக் கொம்பனி செய்தது மட்டும்தான் பொருந்துமாம், கப்பலில் வர வேண்டுமாம். கைவாளியால் அள்ளி ஊற்றி ஊற்றி என் உள்ளங்கை உரிந்தது. அப்படியும் பாதித் தோட்டம் கருகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அதே அதிகாரி படம் பிடிக்க வந்தார். மிசினுக்குப் பக்கத்தில் சிரித்தபடி நின்று நான் அவருடைய நாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்: “தம்பி, ஒரு சொல்லும் விடாமல் அவருக்குச் சொல்லும். டொனேசன் குடுக்கிறது தங்கடை பெட்டையைக் கரைசேர்க்கத்தானே? இவை தங்கடை கொம்பனியை எங்கடை வீட்டிலை கட்டிக் குடுத்துக் கரைசேர்த்துப்போட்டினம். இனிக் காலம் முழுக்க அதுக்குச் சோறு போடுறது நாங்கள்.”

அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. தங்கள் பாராளுமன்றத்தில் இந்த உதவிக்குச் சொன்ன நியாயமே அதுதான் என்றார். தங்கள் தொழிற்சாலைகளுக்கு வேலை கிடைக்கும், சாமானுக்குப் புதிய சந்தை பிடிபடும் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்களாம். மனுசன் நேர்மையானவர்தான். ஆனால் அந்த நேர்மை என் புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடவில்லை.

“அப்ப நன்றியை அவர் சொல்லட்டும்,” என்றேன். “பிறகு நான் படத்துக்கு நிக்கிறன்.”

அவர் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.