நாய்னா உயிர்

என் சித்தப்பா செயற்கைப் பல் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து, மெழுகில் வடித்து, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரும் வரிசையாக மாற்றி அனுப்புவார். அந்த ஆள் யாரென்று தெரியாது, எந்தப் பக்கம் மெல்கிறவர் என்பது மட்டும் தெரியும். இந்தத் தொழில் பார்த்தவருக்கு நாயைக் கண்டால் பயம். "மத்தவங்களுக்கு நாய்னா வால் தெரியுது. எனக்குப் பல்லு தெரியுது. நான் என்ன செய்ய?" என்பார். கையடக்கக் குட்டி எதிரே வந்தால்கூடத் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

சித்தி ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்டரில் இருந்தவள். வேலையில் இருந்தவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு வெளிநாடு போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நானும் ஏதோ பத்து நாள் டூர், கூட்டத்தோடு கூட்டமாய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். அது இல்லையாம்.

"பார்த்துட்டு வர்றதுக்கு இல்லடி. இருந்துட்டு வர்றதுக்கு. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு மாசம், மூணு மாசம். காய்கறிக்கடைக்காரன் நம்மளப் பார்த்ததும் தலையாட்டணும், அது வரைக்கும்."

சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிடலாம் போல இருந்தது. ஒரு பேச்சுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை என்ற கடுப்பு இன்னும் இருக்கிறது, அது வேறு கதை.

திட்டத்தை அவள்தான் போட்டாள். சொந்த வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் சாப்பாட்டையும் பயணத்தையும் ஓட்டுவது. தங்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வெளியூர் போகிறவர்கள் வீட்டையும் செல்லப்பிராணியையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் இணையதளம் ஒன்று. அவர்களுக்கும் செலவில்லை, நமக்கும் வாடகையில்லை. சுருக்கமாகச் சொன்னால் வாடகை சாப்பாட்டுக்கு, நாய் தங்குவதற்கு.

அந்தத் தளத்தில் போடுவதற்குத் தங்களைப் பற்றித் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லி மருந்துக்கடைக்கே என்னைத் தேடி வந்தாள். நான் அங்கே வேலை பார்க்கிறேன். முதல் வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. 'எங்கள் இருவருக்கும் நாய்னா உயிர்.' இதென்ன பச்சைப் பொய் என்று கேட்டேன்.

"நாய்னா உயிர் போயிடும்னுதான்டி எழுத ஆரம்பிச்சேன். போயிடும்கறத மட்டும் விட்டுட்டேன்" என்றாள்.

சித்தப்பாவிடம் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தாள். நாய் முழுக்க முழுக்க அவள் பொறுப்பு, சமையலும் வீடும் அவர் பொறுப்பு. ஒரே வீட்டில் இருந்தாலும் அவரும் நாயும் ஒருவர் வழியில் ஒருவர் வராமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். மனிதர் மென்று விழுங்கி ஒத்துக்கொண்டார்.

பிறகு ஒத்திகை. பீரோவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பையில் அடங்கியதை மட்டும் வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலேயே விருந்தாளிகளைப் போலக் குடியிருந்தார்கள். சித்தப்பா இரண்டே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போக, வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று ஒரு பல் டாக்டர் தன் பழைய சட்டைகளைக் கொடுத்தனுப்பினார். சித்தி அதையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு, பை தாங்காது என்று திருப்பி அனுப்பினாள். எந்த நாட்டில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள், எங்கே குளிர் எப்போது தொடங்கும், அவளுடைய பிரஷர் மாத்திரை எங்கே என்ன பெயரில் கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு என்னைத் துளைத்தெடுத்தாள். நானும் சளைக்காமல் தேடிக் கொடுத்தேன். போவது அவர்கள், தலைகால் புரியாமல் இருந்தது நான்.

ஆனால் வீடு மட்டும் கிடைக்கவில்லை. இதற்கு முன் தங்கிய வீட்டுக்காரர்கள் இவர்களைப் பற்றித் தளத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் வீடு தருகிறார்கள். முதல் வீட்டுக்கே வழியில்லாதவர்களைப் பற்றி யார் எழுதுவது? கேட்ட இடமெல்லாம் கைவிரித்தபோது ஒரே ஒரு பெண்மணி சரி என்றார். பள்ளிக்கூட ஆசிரியை. மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் போகிறார். வீட்டில் ஒரு நாய். வீடியோவில் அதைக் காட்டினார். கன்றுக்குட்டி உயரம். திரையில் அது வாயைத் திறந்ததும் சித்தப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

இந்த ஆசிரியை நாலு நல்ல வார்த்தை எழுதினால் அடுத்தடுத்த வீடு. ஏதாவது கோணலாக எழுதிவிட்டால் அதோடு பயணம் முடிந்தது. சொந்த வீட்டிலோ அதற்குள் வேறு குடும்பம் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும். "திரும்பி வந்தா உன் வீட்டு ஹால்லதான்டி படுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

போய் இறங்கியதும் நாய் நேராகச் சித்தப்பாவிடம் வந்து முகர்ந்தது. அவர் ஆணி அடித்தாற்போல நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம்" என்றாராம். அதிலிருந்து அதனிடம் மரியாதைப் பேச்சுத்தான். "வாங்க. உட்காருங்க. கொஞ்சம் தள்ளி உட்காருங்க." எங்களிடம் பேசும்போதுகூட நாய் என்று சொல்வதில்லை. பெரியவர் சாப்பிட்டார், பெரியவர் தூங்குகிறார். சித்தி வீடியோவில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போட்ட ஒப்பந்தம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. சித்தி துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காதவள். சித்தப்பா பயத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பவர். அசையாத ஆளைத்தான் நாய்க்குப் பிடித்தது. அவர் காலடியிலேயே வந்து படுத்துக்கொண்டது. அவர் எழுந்தால் எழுந்தது, சமையலறைக்குப் போனால் பின்னால் போனது. கழுத்து வாரைச் சித்தி பிடித்தால் வாசலைத் தாண்ட மறுத்தது. வேறு வழியில்லாமல் காலையும் மாலையும் சித்தப்பாவே கூட்டிப்போனார், வாரின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு. அந்தத் தெருக் காய்கறிக்கடைக்காரர் சீக்கிரமே தலையாட்ட ஆரம்பித்தார், பெரியவருக்கு முதலில், சித்தப்பாவுக்குப் பிறகு. எனக்குப் போன் போட்டு அதைச் சொன்னபோது சித்திக்குச் சந்தோஷத்தில் வார்த்தை குழறியது.

ஆசிரியை திரும்பி வர இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது நாய் சாப்பாட்டை மோந்துவிட்டு விலகியது. மறுநாளும் அப்படியே. முகத்தைத் தரைவிரிப்பில் தேய்த்தது, உறுமியது. சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் வீட்டிலேயே நாயைப் பட்டினி போட்டார்கள் என்று பேர் வந்தால் அடுத்த வீட்டை யார் தருவார்கள்? பிராணிகள் மருத்துவமனைக்குப் போன் செய்தால் நாளை மறுநாள்தான் இடமிருக்கிறது, அவசரமென்றால் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சித்தி கிட்டே போனாள். நாய் பல்லைக் காட்டியது. பின்வாங்கிவிட்டாள்.

அப்போதுதான் நான் வீடியோவில் வந்தேன். சித்தப்பா சுவரோரமாக நின்று அது உறுமுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எச்சில் ஒரு பக்கமாத்தான் வழியுது" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்து, தரையில் மண்டி போட்டார்.

"ஒண்ணுமில்லடா. வாயைத் தொற. என் ராஜா இல்ல? தொறடா, பார்த்துட்டு விட்டுடறேன்."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாள் ஒரு 'நீ' கூட வராத வாயிலிருந்து 'டா' வருகிறது. அவர் இடது கையால் உதட்டைத் தூக்கி, வலது கை விரலை உள்ளே விட்டார். நாய் உறுமிக்கொண்டே இருந்தது. கடிக்கவில்லை. "மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லு. நெடுக்க விரிசல் விட்டிருக்கு. ஈறுல சீழ் கோத்திருக்கு" என்றார். அப்படியே போனில் சொன்னதும் உடனே கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். அன்றே பல்லை எடுத்தார்கள். மறுநாள் கஞ்சி போலக் கரைத்து வைத்ததைச் சட்டியோடு நக்கித் தீர்த்தது. நான் இங்கே கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நன்றி சொல்ல ஆசிரியை கூப்பிட்டார். நாய்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்தான் வலியிலிருக்கும் நாயின் வாயில் கை விடுவார் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, சித்தி உச்சி குளிர்ந்து நின்றிருக்கிறாள். சித்தப்பா போனை வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். தனக்கு நாய் என்றால் பயம், தளத்தில் எழுதியிருப்பது பொய், வாயில் கை விட்டபோதும் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் பயம்தான் என்று. நேரில் பேசுவோம் என்று சொல்லி ஆசிரியை வைத்துவிட்டார்.

சித்தி அவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம் கோபமாக வந்தது. ஒரு வருடத் திட்டத்தை ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டாரே. கேட்டதற்கு, "அந்தம்மா கையில நாயைத் திருப்பிக் குடுக்கறப்போ முகத்தைப் பார்க்கணும்ல" என்றார். நான் மனதுக்குள் ஹாலில் கட்டில் போட இடம் பார்த்தேன்.

ஆசிரியை வந்தார், நாயைக் கட்டிக்கொண்டார், இவர்களோடு அதிகம் பேசவில்லை. இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போய், எந்த ஊருக்குச் சீட்டு எடுப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. ஆசிரியை தளத்தில் எழுதிவிட்டாராம். சித்தி ஒருமுறை தனக்குள் படித்துவிட்டுப் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் பட்டறையில் டாக்டர் எழுதியனுப்பும் சீட்டைப் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இவருக்கு நாய் என்றால் பயம். உங்கள் நாயைக் கண்ணை மூடிக்கொண்டு இவரிடம் விட்டுப் போங்கள்."