இரண்டு முறை இறங்கிய தாலி

சங்கரன்கோவில் கடைவீதியில் ஹெட் கான்ஸ்டபிள் சுயம்புலிங்கத்துக்கு 'கோர்ட்டுல கேளு ஏட்டு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நகையைப் பறிகொடுத்தவள் அழுதுகொண்டு வந்தாலும் முகம் பார்க்கமாட்டார். "கோர்ட்டுல கேளு" என்பார், அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரன் என்று ஏசுவார்கள். ஆனால் 1978 ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் அவர் அப்படி இருந்ததில்லை.

அந்தத் தபசுக் கூட்டத்தில்தான் கரிவலம்வந்தநல்லூர் மாடத்தியின் தாலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். துரத்திப் பிடித்தவர் சுயம்புலிங்கம். கைப்பற்றிய நகையை ஸ்டேஷனில் வைத்திருந்து கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து அது எப்போது திரும்புமோ தெரியாது. வெறுங்கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மாடத்தி ஸ்டேஷன் வாசலில் நின்றாள்.

"வீட்டுல அவுக நெஞ்சு நோவோட கெடக்காக, ஏட்டையா. இந்தக் கோலத்துல அவுக முன்னால எப்படிப் போயி நிப்பேன்?"

அவர் மனம் கரைந்துபோனது. காகிதத்தில் தாலி ஸ்டேஷன் பெட்டிக்குள் இருந்தது. உண்மையில் மாடத்தியின் கழுத்தில் ஏறிவிட்டது. "கேக்கும்போது கொண்டுவா தாயி" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் கழித்து வழக்கு எடுக்கப்பட்டது. முந்தின நாள் சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வே சுயம்பு, நகைய வித்துத் தின்னுட்டீரா? நாளைக்குப் பத்தரை மணிக்கு அது கோர்ட்டுல இருக்கணும். இல்லேன்னா களவுக் கேஸ் ஒம்ம பேருலதான்!"

மறுநாள் விடிந்ததும் கரிவலம்வந்தநல்லூருக்கு பஸ் ஏறினார். மனைவி ஞானபூரணத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பெண் பிள்ளைகள். உடுத்தியிருக்கும் காக்கியைத் தவிர அவருக்கு வேறு ஆதாரமில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்க நிற்க, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மாடத்தி தாலியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அவுக உசுரு இதுலதான் நிக்குது. தரமாட்டேன் ஏட்டையா!"

"மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டு கோத்துக் கட்டிக்கிடு தாயி. சாயங்காலம் நானே கொண்டாந்து தாரேன். என் பிள்ளைக மேல சத்தியம்."

மணி எட்டரை ஆகியிருந்தது. கட்டிலில் கிடந்த அவள் புருஷன் துரைப்பாண்டி இருமி இருமித் தலையைத் தூக்கினான்.

"குடுத்துருட்டி. பாவம், மனுசன் வேர்த்து விறுவிறுத்து நிக்காரு. ஏட்டையா, சாப்பாடு போடாமலே எனக்கு ரெண்டாங் கல்யாணம் நடத்துதீகளே!"

அவனே மஞ்சள் கயிற்றைக் கட்டினான். முடிச்சு இரண்டு முறை நழுவியது. மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு தாலியைக் கழற்றித் தந்தாள்.

பத்து இருபதுக்குச் சுயம்புலிங்கம் கோர்ட்டுப் படி ஏறினார். வேலை பிழைத்தது. திருடனின் வக்கீல் வாய்தா கேட்டார், கிடைத்தது. தாலியைத் திருப்பித் தரச் சொல்லி அரசு வக்கீலை அன்றே மனு கொடுக்க வைத்தார் சுயம்புலிங்கம். அதற்கும் வாய்தா. அன்று சாயங்காலம் வெறுங்கையோடு மாடத்தி வீட்டு வாசலில் நின்றார். "அடுத்த வாரம் தாயி" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். வாசலில் அவர் தலையைக் கண்டதும் அவள் கண்கள் அவர் கையைத்தான் தேடும்.

மாசி மாதம் துரைப்பாண்டி செத்துப்போனான். மஞ்சள் கயிற்றை அறுத்தார்கள். போலீஸ்காரன் தாலியைக் கழற்றிக்கொண்டு போன அன்றே அவன் உயிரும் போய்விட்டது என்று ஊர் பேசியது.

ஆடி கழிந்து தீர்ப்பு வந்தது. சாட்சி போதாதென்று திருடன் விடுதலை, நகை உரியவளிடம். சுயம்புலிங்கமே எடுத்துப் போனார். ரசீதில் மாடத்தி கைநாட்டு வைத்தாள். அழவில்லை.

"களவாணி அறுத்தது ஒரு தடவ. நீங்க கழத்துனது ஒரு தடவ. அன்னைக்கே ஸ்டேஷன்ல தரமாட்டேன்னு வெரட்டியிருந்தீகன்னா, நான் ஒரு தடவையோட அழுது முடிச்சிருப்பேன்லா ஏட்டையா?"

அவர் தாலியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இத நீங்களே கொண்டுபோயி கோயில் உண்டியல்ல போட்டுருங்க. என்னால தொட முடியாது."

ஒரு கணம் தாலியோடு அவர் கை சட்டைப்பையை நோக்கிப் போனது. இதையும் கொண்டுபோனால் நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ? ரசீதில் மை இன்னும் காயவில்லை. கையை இழுத்துக்கொண்டார்.

"ரசீதுல நீ வாங்குனதா இருக்கு. இனிமே அது ஒன் பாடு" என்றார். தன் குரல் அப்படி ஒலித்து அவரே கேட்டதில்லை.

தாலியை வாசற்படியில் வைத்துவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார். பின்னால் இருந்து அவள் கூப்பிட்டாள். சுயம்புலிங்கம் திரும்பவில்லை.