168 பௌர்ணமிகளும் 1022117-உம்

வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் திருமலைக்குக் குடி, சீட்டு, பீடி எதுவும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு எண். கல்யாணமான புதிதில் குடிபோன வாடகை வீட்டின் கரண்ட் மீட்டரில் பொறித்திருந்தது: 1022117. மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை, பதினொன்றாலும் போகவில்லை. எதாலும் வகுபடாத பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று மனதில் பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

செல்போனில் தட்டினால் நொடியில் தெரியும். "அது போன் போட்ட கணக்கு, நம்ம கணக்கு இல்ல" என்பான். அதனால் அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டான்: பௌர்ணமிதோறும் கிரிவலம், ஒரு சுற்றுக்கு ஒரு பகா எண்ணால் மனதுக்குள் வகுப்பது, சுற்றி முடிக்கும்வரை பேசுவதில்லை. கூட நடக்கும் மனைவி அருணாதேவிக்கும் அதே சட்டம்.

முதல் பௌர்ணமிக்கு இரண்டு. ஒற்றை எண் இரண்டால் வகுபடாது என்று கிளம்பும்போதே தெரியும். ஆனாலும் பதினான்கு கிலோமீட்டரும் இருவரும் வாய் திறக்கவில்லை. விரதம் என்றால் விரதம்.

நூலகத்துப் புத்தகத்தில் ஆயிரம் வரை நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள் இருந்தன. பத்து லட்சத்தின் வர்க்கமூலம் ஆயிரம், அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை என்று முடிவு கட்டினான். எஞ்சிய இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் அவனுக்குச் சில்லறையாகப் பட்டது. கொரோனாவில் கிரிவலம் நின்ற மாதங்களில் மொட்டைமாடியைச் சுற்றினார்கள். அங்கேயும் பேச்சில்லை. பதின்மூன்றரை வருஷம் கழித்து 997 வந்தது. மீதி 192. பகா எண்தான் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு முதல்முறையாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அருணாதேவி தங்கை வீட்டுச் சண்டையில் ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. கேட்கக் கேட்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. குபேர லிங்கத்தைத் தாண்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது. 1022117-இன் வர்க்கமூலம் ஆயிரம் இல்லை, ஆயிரத்துப் பதினொன்றைத் தொடுகிறது. இடையில் ஒரு பகா எண் விட்டுப்போயிருக்கிறது.

அவன் மனதுக்குள் வகுக்க ஆரம்பித்தான். உதடு மட்டும் அசைந்தது.

"ஆயிரத்து ஒம்போதா?" என்றாள் அருணாதேவி.

திருமலை நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"ஆயிரத்துப் பதிமூணு தடவ போவுது. மீதி இல்ல. நாலு வருசம் முன்னாடியே போட்டுப் பாத்துட்டேன். பேசாம நடக்கிறப்ப எனக்கு வேற இன்னா வேல?"

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே வேற நம்பர் புடிச்சிருப்பீங்க. இதுக்காவது ஒரு முடிவு இருந்துச்சு. எனக்கு உங்ககூடப் பேசிக்கிட்டு நடக்கணுங்க."

திருமலைக்கு வெட்கமாகப் போயிற்று. "சரி, தங்கச்சி வீட்ல அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு" என்றான்.

கடைசி லிங்கமான ஈசான்யம் வந்தும் அவள் சொல்லி முடிக்கவில்லை. இன்னொரு சுற்று போகலாமா என்று அவன்தான் கேட்டான்.