பிணம் முன்னே, காப்பி பின்னே

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்க என் அச்சகத்தை மிஞ்ச ஆளில்லை. செல்போன் பரவிய புதிதில், மதுரைப் பதிப்பாளர் ஒருவர் முதல்முறையாக எனக்கு ஒரு நாவல் ஆர்டர் கொடுத்தார். மனைவி தினமும் காப்பியில் ஏதோ கலந்து, கணவனைப் பைத்தியமாக்கிச் சாகடிக்கும் கதை.

பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்துக்கு ஓர் அத்தியாயம். லேபிள்களைப் படம் பார்த்தே அடுக்கிப் பழகிய நான், பக்க எண்ணைக் கவனிக்காமல் கடைசி ஃபாரத்தை முதலில் வைத்து பைண்டிங் செய்துவிட்டேன். கணவன் எடுத்த எடுப்பில் செத்துக் கிடந்தான். அடுத்த அத்தியாயத்தில் காப்பி கேட்டான்.

"அம்புட்டுப் புத்தகமும் வேண்டாம் அண்ணாச்சி. இனி ஆர்டரும் கிடையாது" என்று பதிப்பாளர் அச்சகத்துக்கே வந்து குதித்தார்.

என் மனைவி காப்பியோடு வந்தாள். "நான் படிச்சேங்க. ஆளு சாகப்போறது முதல்லயே தெரிஞ்சதால, அவ டம்ளரை நீட்டுறப்பல்லாம் பக்கு பக்குனு இருந்துச்சு. இந்தாங்க, குடிங்க."

டம்ளரை வாங்கப் பதிப்பாளரின் கை தயங்கியது. பிறகு சிரித்துவிட்டார். "பக்க எண்ணை மட்டும் கட்டிங் மிஷின்ல வெட்டிருங்க அண்ணாச்சி. இப்படியே போகட்டும்."

கதையைத் திருத்தியவன் நான்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மனைவி காப்பியை நீட்டிவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்க்கிறாள்.