இரண்டாவதாகப் பேசுபவர்

என் கணவர் எதையும் உடனே முடிவு செய்ய மாட்டார். நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "முதல்ல பேசுறது பயம், இல்லேன்னா ஆசை. அவர் ரெண்டாவதாத்தான் பேசுவார், மெதுவா" என்பார். அவர் யார் என்று கேட்டால், உள்ளே இருக்கிறவர் என்பதோடு சரி. இவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்று இப்படிக் கண்ணை மூடினால் மேலே காத்திருக்கும் ஓட்டுநருக்கு எப்படி இருக்கும்? அங்கே இவருக்கு 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று பெயர்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். டீயில் ஆடை படியும்வரை மனிதர் வாய் திறக்கவில்லை. பிறகு "சரி" என்றார். அந்தச் 'சரி' ஒருநாளும் ஆட்டம் கண்டதில்லை. ஒரே ஒருமுறை அவசரப்பட்டு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். அதில் ஏறிப் போனதைவிடத் தள்ளிக்கொண்டு வந்ததே அதிகம். ஆசை பேசியதை அவர் பேசியதாக நினைத்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தார்.

பணிமனைக் கால்பந்து அணிக்கு இவர்தான் கோல்கீப்பர். அங்கேயே வேலை பார்த்த என் தம்பிதான் கேப்டன். தொப்பை விழுந்த கோல்கீப்பரை மாற்றச் சொல்லி எல்லோரும் அவனை நச்சரித்தார்கள். இவருக்கோ அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்பதென்றால் உயிர். இறுதிப் போட்டிக்கு முதல்நாள் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, நாளைக்கு ஒரு கோல் விட்டாலும் கிளவுஸைக் கழட்டிக் குடுத்துடுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

கிளவுஸைத் துவைத்துக் கொடியில் போட்டபடியே இவர் தலையாட்டினார்.

மறுநாள் ஆட்டம் முடியப்போகிறது. நாங்கள் ஒரு கோல் முன்னால். அப்போது பார்த்து எதிரணிக்கு ஒரு பெனால்டி! நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்ததே பிறகுதான் தெரிந்தது. தம்பி இடது பக்கம் பாயச் சொல்லிக் கத்துகிறான். பணிமனைக் கூட்டம் வலது பக்கம் என்கிறது. இவர் நெஞ்சில் கை வைத்தார். கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டேன். மூடிவிட்டார்.

விசில். ஓடி வந்தவன் உதைத்த உதையில் புழுதி பறந்தது. இவர் எப்படியும் ஏதாவது ஒரு பக்கம் பாய்வார் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும்; பந்தை நடுவில் விட்டான். இவர் அசையவே இல்லை. பந்து நேராக வந்து அந்தத் தொப்பையில் மோதியது. இவர் அப்படியே உட்கார்ந்து, அழுகிற குழந்தையை அணைப்பதுபோல் அதை அணைத்துக்கொண்டார். மைதானம் இரண்டுபட்டது. பக்கத்துப் பெண் இப்போது என்னை உலுக்கினாள். மாற்றச் சொன்னவர்களே இவரைத் தோளில் தூக்கி, கனம் தாங்காமல் இறக்கிவிட்டார்கள். கிளவுஸ் பேச்சைத் தம்பி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும்போது கேட்டேன். "அவர் என்னதான் சொன்னார்?"

"இடதுன்னு பயம் சொல்லுச்சு. வலதுன்னு ஆசை சொல்லுச்சு. அவர் ஒண்ணுமே சொல்லலை. அதான் நின்னுட்டேன்."

இவர் இறந்தபின், இந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வரச் சொல்லித் தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். பயம் பேசி முடித்துவிட்டது. அவர் இன்னும் பேசவில்லை. நிற்கிறேன்.