ஏரோது வீட்டுக்குப் போன ரயில்

பூசையில் சாம்பிராணிப் புகை எழும்பினால் மற்றவர்களுக்குக் கடவுள் நினைவு வரும். எனக்கு ரேடியோக் கடை நினைவு வரும். ஈயப் பற்று வைக்கும் சோல்டர் கம்பிக்குள் இருக்கும் குங்கிலியம் சூட்டில் கிட்டத்தட்ட இதே மணத்தைத்தான் விடும். போன ஞாயிறும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அக்கா, எனக்கு ஏதோ பெரிய கவலை என்று நினைத்துத் தோளைத் தடவிவிட்டார். உண்மையில் நான் ஊர்காவற்றுறையில் அன்ரன் அண்ணையின் கடைக்குள் நின்றேன்.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். யாழ்ப்பாணப் பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறங்கிய நாட்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குக் கடையில் ஒரே வேலைதான்: பழுதாகி வரும் ரேடியோவில் துண்டு ஒட்டி உரியவரின் பெயரை எழுதுவது. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு வசதியான வேலை. ஆனால் என் கண் முழுக்க அண்ணையின் திருத்தும் மேசையில்தான். அவர் சாப்பிடப் போன நேரங்களில் களவாகச் சோல்டர் பிடித்துப் பழகினேன். ஒரு நாள் பிடிபட்டேன். அவர் ஏசவில்லை. நான் பிடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, என்ரை அளவுக்குக் கை நடுங்கேல்லை" என்றார். அவ்வளவுதான். என் கதிரை மாறவில்லை.

அந்த மார்கழியில் லண்டனில் இருந்து வந்த ஒருவர், கோயிலில் கிறிஸ்து பிறப்புக்கு வைக்கும் பாலன் குடிலுக்கென்று ஒரு விளையாட்டு ரயில் கொடுத்தார். எங்கள் தீவில் எந்தக் காலத்திலும் ரயில் ஓடியதில்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் நின்று பத்து வருடத்துக்கு மேல். என்றாலும் பெத்லகேமுக்கு ரயில் விடுவதில் ஊரில் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. குடிலின் ஒட்டகங்கள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதால், பாலனைப் பார்க்க வரும் மூன்று இராசாக்களையும் மூன்று பெட்டிகளில் ஏற்றுவது என்று எங்கள் பங்குச் சுவாமி முடிவெடுத்தார்.

தண்டவாளம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று மாட்டுத் தொழுவத்துக்கு, மற்றது பாலனைக் கொல்லத் தேடிய ஏரோதின் அரண்மனைக்கு. அரண்மனை என்பது பிஸ்கற் பெட்டி மட்டை. பிரியும் இடத்தில் இருக்கும் சின்னத் தண்டவாளத் துண்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட வேண்டும். முதல் ஒத்திகையில் அண்ணைதான் கடதாசி மலைக்குப் பின்னால் படுத்திருந்து தள்ளினார். மலையைப் பிளந்துகொண்டு மயிர் அடர்ந்த ஒரு கை வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இதுக்கு மோட்டர்தான் சரி" என்றார்.

மோட்டரும் லண்டன்காரரிடமே கிடைத்தது. மகனின் உடைந்த விளையாட்டு விமானம் ஒன்றைச் செட்டை கழற்றிக் கொண்டுவந்திருந்தார். சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை மீன் என்று நினைத்துப் போகவிட்டாராம். அதன் வயிற்றுக்குள் நெருப்புப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சேர்வோ மோட்டர். மற்ற மோட்டர்கள் போலச் சுழன்றுகொண்டே இராது. சொன்ன அளவுக்குக் கையைத் திருப்பி அங்கேயே நிற்கும்.

"பிள்ளை, இதை நீர் செய்யும்" என்றார் அண்ணை. "மூண்டு இராசாக்களும் பிழையாமல் பாலனிட்டைப் போனால் மேசையிலை பாதி உமக்கு. பிழைச்சால் பேசாமல் பெயர் எழுதும்."

பழைய சஞ்சிகையில் இருந்த படத்தைப் பார்த்து, மோட்டருக்கு இடமா வலமா என்று சொல்ல ஒரு சின்ன மின்சுற்றுச் செய்தேன். மோட்டரைப் பலகைக்கு அடியில் பூட்டி, அதன் கையில் இருந்து ஒரு கம்பியைத் துளையால் மேலே விட்டுத் தண்டவாளத்தில் கொளுவினேன். அப்பாவின் சுறாத் தூண்டில் கம்பி. மோட்டர் முனகி முனகிச் சூடானது.

"சுறாவுக்குக் கட்டுற கம்பியை உந்த நுளம்பு மோட்டர் வளைக்குமோ?" என்று அப்பா மெல்லிய கம்பி ஒன்று தந்தார். அதற்குப் பிறகு கார் பற்றரியில் நூறு தடவை போட்டுப் பார்த்தேன். நூறு தடவையும் சரி.

மூன்று இராசாக்கள் திருநாள். காலைப் பூசை முடிய முழுக் கோயிலும் குடிலைச் சுற்றி நின்றது. நான் மலைக்குப் பின்னால். ரயிலுக்கும் மோட்டருக்கும் கரண்ட் கொடுக்கும் ஜெனரேற்றர் வெளியே இரைந்தது. பாதையைத் தொழுவத்துக்குத் திருப்பி ரயிலை விட்டேன். அது பாதி வழியில் போகும்போது ஜெனரேற்றர் இருமிக்கொண்டு நின்றது. ரயிலும் நின்றது. யாரோ ஓடிப் போய்த் திரும்ப இயக்கினார்கள். கரண்ட் வந்ததும், தட்டி எழுப்பப்பட்டவர் போல மோட்டர் ஒரு துள்ளுத் துள்ளி மற்றப் பக்கம் திரும்பியது. பற்றரியில் கரண்ட் நிற்பதே இல்லை. அதனால் இந்தத் துள்ளலை நான் கண்டதே இல்லை. நான் விரலைத் தூக்குமுன் இராசாக்கள் நேரே அரண்மனைக்குள் போய் அதைக் குப்புறத் தள்ளினார்கள்.

"ஐயோ, இராசாக்கள் கட்சி மாறிட்டினம்!" என்று ஒரு குரல்.

கோயில் அதிர்ந்தது. அண்ணை கூரையைப் பார்த்தார். எனக்கு இனி வாழ்நாள் முழுக்க எழுதப்போகும் பெயர்த்துண்டுகள் கண்ணுக்குள் வந்தன.

சுவாமி ஒலிவாங்கியை எடுத்தார். "சிரிக்கிற ஆக்கள் வேதாகமத்தை ஒழுங்கா வாசியுங்கோ. இராசாக்கள் முதல் ஏரோதிட்டைத்தானே போனவை?"

பிறகு அதே குரல்: "ஓம் சுவாமி. ஆனா அவன்ரை வீட்டை இடிக்கேல்லை."

அந்தச் சிரிப்புக்குள் ரயிலைப் பின்னால் எடுத்து, பாதையை மாற்றி, தொழுவத்துக்கு அனுப்பினேன். கை தட்டினார்கள். "அது நாங்கள் வேணுமெண்டு அப்பிடி வைச்சனாங்கள்" என்று அண்ணை வாசல்வரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மேசையில் பாதி துடைத்திருந்தது. முன்னால் ஒரு கதிரை. எனக்கு அதில் இருக்க மனம் வரவில்லை.

"அண்ணை, அது பிழைதான். கரண்ட் வரேக்கை துள்ளுது. மோட்டருக்குக் கொஞ்சம் பிந்திக் கரண்ட் குடுத்தால் சரிவரும். திருத்தட்டோ?"

"உமக்கென்ன விசரே? சுவாமி வேதாகமத்தை வைச்சுச் சொல்லிப்போட்டார். தொடாதையும்!"

அப்படித்தான் அந்த மேசையில் என் முதல் வேலை, திருத்தாமல் விடுவதாக இருந்தது. குடில் கழற்றும்வரை பிள்ளைகள் வந்து, "ஏரோதிட்டை விடுங்கோ அக்கா" என்றுதான் கேட்டார்கள்.

மூன்று வருடம்கூட ஆகவில்லை, போர் திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. உதிரிப்பாகம் வரவில்லை. அண்ணை ஊரை விட்டுப் போனார். ரயில் யாரிடம் போனதோ தெரியாது. கடைக்காணிக்காரர் இடத்தைத் துப்புரவாக்க வந்தபோது மேசை கதவால் வெளியே வரவில்லை. கடைக்குள்ளேயே வைத்து அடித்த மேசை. மேசையை அரிய வாள் எடுத்தவர் என்னைப் பார்த்து, "மேசையிலை உந்தச் சோல்டர் சூட்டுத் தழும்பெல்லாம் அன்ரன்ரையோ?" என்று கேட்டார்.

"இஞ்சாலை இருக்கிறது அண்ணையின்ரை. அந்தப் பக்கம் என்ரை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மேசையின் என் பக்கத்தில் இருந்து அரியத் தொடங்கினார்.