இடமில்லை அண்ணன்

அந்தப் பார்சல் கம்பெனியின் நாற்பது கிளைகளிலும் அவரை ‘இடமில்லை அண்ணன்’ என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எந்தக் கிளையிலிருந்து யார் போன் செய்து, பார்சல் போட்டோவைக் கொஞ்சம் பெரிசாக அனுப்பட்டுமா என்று கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் “இடமில்லம்மா” என்று பதில் வந்துவிடும். சொந்தத் தங்கை தன் குடும்பப் போட்டோக்களை அங்கே போட்டுவைக்க முடியுமா என்று கேட்டபோதும் அதே பதில்தான். அந்தக் கோபத்தில் அவள் இரண்டு வருஷம் பேசவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இடம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் கம்பெனி தொடங்கிய அந்த முதல் அறையைச் சொல்லியாக வேண்டும். ஒரே அறை, ஒரே மேஜை, மேஜைக்கு அடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. முதலாளியம்மாவுக்கு அப்போது அந்தப் பட்டமெல்லாம் கிடையாது. வந்த பார்சலைத் தானே எடை போட்டு, கயிறு கட்டி, தூக்கி அடுக்குவார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அண்ணன் முகவரிகளைத் தட்டுவார். மழை நாளில் நனைந்த கால்களை இரண்டு பேரும் அந்தப் பெட்டிச் சூட்டில் காய வைத்துக்கொள்வார்கள். இப்போது சர்வர் அறையில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அண்ணன் அந்தச் சூட்டை நினைத்து ஏங்குவார். என்ன காலம் அது!

ஒருநாள் காலை பெட்டியின் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஓர் எழுத்துகூட ஏறவில்லை. வாசல் வரை வரிசை. முதலாளியம்மா நோட்டைக் கிழித்துத் துண்டுச் சீட்டுகளில் எழுதினார். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஒரு சீட்டைக் காணோம், அதற்குரிய பார்சல் ஏதோ ஒரு வண்டியில் போய்விட்டது. ஒரு குழந்தைக்குப் போக வேண்டிய காது கேட்கும் கருவி அது. மூன்று நாள் இரண்டு பேரும் தெருத் தெருவாக அலைந்து கதவு தட்டினார்கள். நான்காம் நாள் ஒரு தையல் கடையில் பிரிக்காமல் கிடைத்தது. குழந்தையின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். அன்றிலிருந்துதான் ஒவ்வொரு பார்சலையும் போட்டோ எடுக்கும் வழக்கம் வந்தது.

அதோடு அண்ணனுக்கு ஒரு ரகசியமும் வந்தது. முதலாளியம்மா தங்கமான மனுஷி. ஆனால் புது டிஸ்க் என்றால் மட்டும் பிடி கொடுக்கமாட்டார். “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்பார். அடுத்த மாதமும் அதையே சொல்வார். அதனால் அண்ணன் ‘தொடாதே’ என்று பெயர் வைத்து ஒரு வெற்று ஃபைலை உருவாக்கினார். உள்ளே உருப்படியாக ஒன்றும் கிடையாது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நிஜமாகவே நெருக்கடி வந்தால் அதை அழித்துவிட்டு மூச்சு விடலாம். கம்பெனி வளர்ந்தது, சர்வர்கள் மாறின, ‘தொடாதே’யும் கூடவே வளர்ந்தது. நிரம்பப் போகிறது என்று இவர் பயமுறுத்த, கடைசி நேரத்தில் அவர் வாங்கிக் கொடுக்க, இப்படியே வண்டி ஓடியது.

இந்த மாதக் கடைசியில் அண்ணன் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அடுத்த ஐந்து வருஷத்துக்கு எத்தனை சர்வர், எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார் முதலாளியம்மா. இனி நிர்வாகம் மகள் கையில். மகளோ வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து எல்லாவற்றையும் அளக்கப்போகிறாளாம். அளக்க வருகிற ஆள் முதல் மணி நேரத்திலேயே ‘தொடாதே’யைத் தொட்டுவிடுவார். மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் காற்று என்று தெரிந்தால், இத்தனை வருஷம் இவர் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்ட அம்மா என்ன நினைப்பார்? சத்தமில்லாமல் அழித்துவிட்டால் தீர்ந்தது. மனசு கேட்கவில்லை. பொய்யனாகவா வீட்டுக்குப் போவது?

மறுநாள் காலை திட்டத்தோடு முதலாளியம்மா அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்போ நீங்க இடமில்லன்னு சொன்னப்பல்லாம் இடம் இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா. இருக்குன்னு சொன்னா நீங்க வாங்கவே மாட்டீங்க. மறுபடியும் அந்த மாதிரி ஒரு நாள் வந்துடுமோன்னு பயம்.”

எந்த நாள் என்று அம்மா கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டி, மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னார்.

கீழ்த்தட்டு முழுக்க டிஸ்க்குகள். உறை பிரிக்காத பதினோரு டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் மேலும் அம்மாவின் கையெழுத்தில் ஒரு தேதி. அண்ணன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் அம்மா கையை விரித்த மாதங்கள். அடியில் கிடந்த முதல் டிஸ்க்கில் இன்றைக்கு ஒரு நாள் போட்டோகூடக் கொள்ளாது. அதன் தேதி, காது கருவி கிடைத்ததற்கு மறுநாள்.

“வாங்கி வெச்சிருக்கேன்னு சொன்னா நீங்க அன்னிக்கே மாட்டிடுவீங்க. அப்புறம் ஆபத்துக்கு என்ன இருக்கும்?”

அடப்பாவமே! ஒரே பயத்தை இரண்டு பேர் இரண்டு அறையில் ஒளித்துவைத்து, இருபத்திரண்டு வருஷம் ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறார்கள். முதலில் அம்மாதான் சிரித்தார். அண்ணனும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அம்மா தன் பேனாவாலேயே ஒரு வரி சேர்த்தார்: அவசரத்துக்கென்று மூன்றில் ஒரு பங்கு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சர்வர் அறைக்குத் திரும்பி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அண்ணன் ‘தொடாதே’யை அழித்தார். திரையில் எந்நேரமும் சிவப்பாகக் கிடந்த இட அளவுப் பட்டை பச்சையானது. அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கிளையிலிருந்து போன். கவுன்டரில் இருக்கும் பெண், போட்டோவைக் கொஞ்சம் பெரிசாக அனுப்பலாமா என்று வழக்கம்போல நம்பிக்கையில்லாமல் கேட்டாள்.

“அனுப்பும்மா. இடம் இருக்கு.”

அவள் மெதுவாக, “சார், அண்ணன் இல்லையா?” என்று கேட்டாள்.